தோணியைக் கரையில் கட்டிய கதை

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்று சொல்லி வைத்த மகராசர் நிச்சயம் ரயில்வேயில் வேலை பார்த்திருக்க மாட்டார். என் வீட்டுக்காரர் விழுப்புரத்தில் ஃபயர்மேன். எஞ்சின் அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை. கூட்ஸ் வண்டியில் இராத்திரி முழுக்க நின்றுகொண்டே கரி அள்ளிவிட்டுக் காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வருவார். வெறுந்தரையில் போட்டாலே அடித்துப் போட்ட மாதிரி தூங்க வேண்டிய உடம்பு. பாயில் படுத்தால் கண் மட்டும் மூடாது.

எனக்குக் கல்யாணம் ஆனது ஐம்பதுகளின் கடைசியில். திண்டிவனத்துப் பெண்ணுக்கு விழுப்புரம் ஒன்றும் சீமை இல்லை. நடுவில் நாலே ஸ்டேஷன். இருந்தாலும் வந்த புதிதில் இரண்டு மாதம் அழுதுகொண்டுதான் இருந்தேன். அவர் தூங்காததைக்கூட அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதுப் பெண்டாட்டி வீட்டில் இருக்கும்போது எவன் தூங்குவான் என்று எனக்கு நானே பெருமை பேசிக்கொண்டதாக ஞாபகம்.

பிறகுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது. கண்ணை மூடினால் உள்ளே நெருப்பு எரிகிறது என்பார். அடுப்புக் கதவைத் திறந்து திறந்து மூடிய வெளிச்சம் கண்ணுக்குள்ளேயே தங்கிவிடுமாம். வெளியே வெயில் ஏறும். யார்டில் வண்டிகளைக் கோக்கிற சத்தம் கேட்டபடி இருக்கும். பத்து மணிக்குக் கீரைக்காரி தெருமுனையிலிருந்தே கூவிக்கொண்டு வருவாள். அவளை வாசலில் மறித்து, "உள்ள தூங்கறாரு, கூவாத" என்று சொல்வதே எனக்குத் தினசரி வேலை. சாயங்காலம் டூட்டிக்குக் கூப்பிட ஆள் சைக்கிளில் வந்து நோட்டை நீட்டுவார். அதில் கையெழுத்துப் போட்டால் இரண்டு மணி நேரத்தில் எஞ்சினில் இருக்க வேண்டும். சில நாள் ஒரு பொட்டுத் தூக்கம்கூட இல்லாமல் கையெழுத்துப் போடுவார்.

கசகசாவை அரைத்துப் பாலில் கலந்து கொடுத்தேன். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்தேன். திருவக்கரைக் காளியிடம் வைத்துக் கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். எலுமிச்சம்பழம் நன்றாகத் தூங்கியது.

ஒருநாள் காலையில் அவரோடு அவருடைய டிரைவரும் வீட்டுக்கு வந்தார். வயதான மனிதர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

"தோ பாரும்மா," என்றார் டிரைவர். "ராத்திரி பேரணி ஸ்டேஷன தாண்டி வந்துக்கினு இருக்கோம். கரி அள்ற ஷவல கையில புடிச்சிக்கினு நின்ன வாக்குலயே தூங்கிட்டான். வெளியாண்ட சாஞ்சான். நான் சட்டையப் புடிச்சி இழுத்தேனோ, பொழைச்சானோ. இன்னொரு தபா இப்பிடி ஆச்சுன்னா நான் எழுதிக் குடுத்துத்தான் ஆவணும். வேலை போனா போவுது. ஆளு போயிட்டா இன்னா பண்ணுவ?"

டிரைவர் போன பிறகு அந்தச் சட்டையை எடுத்துப் பார்த்தேன். கழுத்துப் பட்டையில் கரிக் கை பட்ட ஐந்து விரல் தடம் இருந்தது. நெடுநாள் அதைத் துவைக்காமல் வைத்திருந்தேன்.

அன்றைக்குத்தான் பெட்டியைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்தேன். புத்தகம் என்றால் கடையில் வாங்கினது இல்லை. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை எங்கள் வீட்டில் வாராவாரம் கிழித்துச் சேர்த்து, மல்லாட்டை மண்டிக்குப் பக்கத்தில் இருந்த பைண்டரிடம் கொடுத்துத் தைத்தது. அப்பா அந்த மண்டியில் வேர்க்கடலை எடை போடுகிறவர். கல்யாணத்துக்குச் சீராகப் பாத்திரம் பண்டம் எல்லாம் வந்தது. நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தது இது ஒன்றுதான்.

ஜன்னலைக் கோணிச்சாக்கால் மூடியிருந்தேன். சாக்கில் ஒரு கிழிசல். அது வழியாக இரண்டு விரல் அகலத்துக்கு வெயில் உள்ளே வரும். அந்த வெயில் துண்டில் பக்கத்தைக் காட்டி நான் படிப்பேன். வெயில் நகர நகர நானும் நகர்வேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எரிகிற கண்ணுக்குப் பொடி எழுத்து ஆகாது. காதுக்கு என்ன கேடு?

கதை உப்புத் தோணி ஓட்டுகிற ஒருவனைப் பற்றியது. தோணி, ஆறு, அவன் பெண்டாட்டி, ஒரு பொல்லாத சித்தப்பா. முதல் நாள் ஒரு அத்தியாயம் படித்து முடித்தேன். முடிகிற இடத்தில் இருட்டில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். தொடரும்.

என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"கதவத் தட்டனது யாரு?"

"யாரோ தட்டனாங்க. நீங்க தூங்குங்க."

"அத்தத் தெரிஞ்சிக்காத எப்பிடித் தூங்கறது?"

"அந்த வாரம் அவ்ளோதான் போட்டிருக்கு."

"அடுத்த வாரம் அடுத்த பக்கத்துலயே கீதே! படி, ஜல்தி."

அன்றைக்கு ஆறு அத்தியாயம் படித்தோம். நோட்டுக்காரர் வந்தபோது இரண்டு பேரும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு இருந்தோம். ஊரையே ஒரு வாரம் தூங்கவிடாமல் வைப்பதற்கென்று எழுதினதை எடுத்துத் தூக்க மருந்தாகக் கொடுத்திருக்கிறேன். என் புத்தியை என்னவென்று சொல்ல?

மறுநாளிலிருந்து அத்தியாயத்தை முடிக்கவே மாட்டேன். பாதியில், தோணி ஆற்றில் சும்மா போய்க்கொண்டிருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்துவேன். அப்புறம் அதுவும் போதவில்லை. சித்தப்பா வருகிற இடம் வந்தாலே அவர் மூச்சு மாறும். அதனால் சித்தப்பாவைக் கதையிலிருந்தே தூக்கிவிட்டேன். அச்சில் சித்தப்பா கத்தியோடு வருவார். என் வாயில் தோணிக்காரன் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவான். கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்டதும் பாயை உதறிப் போடுவாள் அவன் பெண்டாட்டி. கரையில் நாணல் அசையும். இப்படி நான் இழுத்துக்கொண்டே போனால் கால்மணி நேரத்தில் அவர் வாய் லேசாகத் திறந்துகொள்ளும். அந்த மூச்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் எனக்கு வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதைக் கோயிலில்கூட நான் பட்டதில்லை.

குழாயடியில் பெண்கள் சும்மா விடுவார்களா? "பட்டப்பகல்ல கதவ சாத்திக்கினு இன்னாதான் பண்றீங்க?" என்பார்கள். "கதை படிக்கறேன்க்கா" என்றால் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். எனக்கு மசக்கை வந்த பிறகு, "கதை நல்லா போவுது போல கீதே" என்று ஒருத்தி சொன்னாள்.

ஒருநாள் அவர் டூட்டிக்குப் போன பிறகு, இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று பார்க்கக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். கடைசியில் தோணி கவிழும், அவன் செத்துப்போவான் என்பது எனக்குத் தெரியும். பதிமூன்று வயதில் அதற்காக ஒருநாள் சாப்பிடாமல் இருந்திருக்கிறேன். எதனால் கவிழ்ந்தது என்பதுதான் மறந்துபோயிருந்தது. இப்போது படித்தேன். துடுப்பைப் பிடித்தபடி அவன் ஒரு கணம் கண் அசந்துவிடுகிறான்.

புத்தகத்தை மூடிவிட்டேன். உலகத்தில் எத்தனையோ கதை இருக்க, இதையா எடுத்துவந்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன். இந்த இடத்துக்கு அவரைக் கொண்டுபோகவே கூடாது என்று அன்றைக்கு முடிவு பண்ணினேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுத் தோணி கரையிலேயே கட்டிக் கிடந்தது.

ஏழாம் மாதம் வளையல் போட்டு, தலைப்பிரசவத்துக்கு என்னைத் திண்டிவனம் கூட்டிக்கொண்டு போக அப்பா வந்தார். பிள்ளை பெற்றுத் திரும்ப ஏழு மாதம் ஆகும். வழக்கம் அப்படி. அதுவரைக்கும் இவர் எப்படித் தூங்குவார் என்பதுதான் எனக்குக் கவலை. பிள்ளைப்பேறு பற்றிய பயம்கூட அதற்குப் பிறகுதான். புத்தகத்தை வீட்டில் விட்டுப் போகவும் முடியாது. தானே படிக்க எடுத்தால் அந்த இடத்துக்கு வந்துவிடுவார்.

"பொடி எழுத்து உங்க கண்ணுக்கு ஆவாது," என்றேன். "பொஸ்தகத்த நான் ஊருக்கு எடுத்துக்கினு போறேன். பெருசு பெருசா எழுதி அனுப்பறேன். படுக்கறப்ப ஒரு பக்கம் படிச்சீங்கன்னா போதும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சரி என்றார்.

திண்டிவனம் வந்து பையைக் கொட்டினேன். புடவை இருக்கிறது, வளையல் பெட்டி இருக்கிறது, அம்மாவுக்கு வாங்கின வெற்றிலைப் பெட்டி இருக்கிறது. புத்தகம் இல்லை. இவர் கண்ணில் படக்கூடாது என்று முந்தின நாளே அதைப் பெட்டியில் கூறைப் புடவைக்கு அடியில் ஒளித்து வைத்தவள், கிளம்புகிற அமளியில் எடுக்க மறந்துவிட்டேன். ஒளித்து வைத்த இடம் எனக்கே எமனாகிவிட்டது.

யாரிடம் சொல்வது? எழுதித் தருகிறேன் என்று வேறு சொல்லியாகிவிட்டது. பள்ளிக்கூட நோட்டு ஒன்றை வாங்கி, மனசிலிருந்தே எழுத ஆரம்பித்தேன். சிலேட்டில் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கிற மாதிரி பெரிய எழுத்து. தோணிக்காரன் வலை உலர்த்தினான். அவன் பெண்டாட்டி மிளகாய் காய வைத்தாள். மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் தோணியைக் கரையில் கட்டிவிட்டுத்தான் முடிப்பேன்.

அவருடைய கூட்ஸ் வண்டி சாயங்காலம் திண்டிவனத்தில் மெயிலுக்கு வழிவிட்டு ஓரமாக நிற்கும். அப்பா மண்டியை முடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், மடித்த காகிதங்களை எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று கொடுப்பார். பிரித்துப் பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. "இவ்ளோ லெட்டரா? தெனம் பேசிக்கினு இருந்தாலும் எனக்கும் உங்கம்மாவுக்கும் இவ்ளோ விசயம் கெடையாதே" என்று ஆச்சரியப்படுவார். மாப்பிள்ளை எஞ்சினிலிருந்து இறங்கி, கரிக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்குவாராம்.

அந்த வண்டி திரும்பி வருவது விடியற்காலை நாலு மணிக்கு. அப்பா வீடு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில். வண்டி கேட்டைத் தாண்டும்போது ஊதும். அந்தச் சத்தம் கேட்கிறவரை எனக்குத் தூக்கம் வராது. கேட்ட பிறகு இனி பேரணியைத் தாண்ட வேண்டுமே என்று தூக்கம் வராது. ஜன்னலுக்குப் பக்கத்தில் விளக்கை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருப்பேன். அவருக்குத் தூக்கம் வருவதற்காக நான் விழித்திருந்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்கு மட்டும் தெரியக்கூடாது என்று நினைத்தேன். தெரிந்தால் அந்தக் கவலை வேறு சேர்ந்துகொள்ளும்.

பெண் குழந்தை பிறந்தது. தீட்டுக் கழிக்கிற புண்ணியதானம் முடிந்த வாரத்தில் ஒருநாள், ஸ்டேஷனிலிருந்து வந்த அப்பா சரியாகப் பேசவில்லை.

"மாப்ள மூஞ்சே சரியில்லம்மா. கண்ணு ரெண்டும் மொளகாப் பழமாட்டம் கீது. காயிதத்த வாங்கினாரு, ஒரு வார்த்த பேசல. ஏம்மா, நீ எதாச்சும் ஏடாகூடமா எழுதிட்டியா?"

எனக்குப் புரிந்துவிட்டது. பெட்டியைத் திறந்திருக்கிறார். புத்தகத்தை எடுத்திருக்கிறார். அந்த இடத்தைப் படித்திருக்கிறார். அன்று இராத்திரி குழந்தைக்குப் பால் கொடுக்கக்கூட எனக்கு நினைவில்லை, அம்மாதான் திட்டிக் கொடுக்க வைத்தாள். நாலு மணிக்கு வண்டி ஊதவில்லை. ஐந்துக்கும் இல்லை. ஐந்தரைக்கு ஊதியபோது நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். சிக்னல் கிடைக்காமல் ஒலக்கூரில் நின்றதாம். அவ்வளவுதான் விஷயம்.

இரண்டு நாள் பொறுத்து அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். "இன்னிக்கி நல்லா கீறாரு. அடுத்த கட்டு எப்பன்னு கேட்டாரு. டிரைவரு சொல்றாரு, இப்பல்லாம் மாப்ளதான் அவர முழிக்க வெக்கிறாராம்." என்ன நடந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. கேட்டு எழுதவும் பயம். தோணிக்காரன் வலை உலர்த்திக்கொண்டே இருந்தான்.

குழந்தைக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது விழுப்புரம் வந்து இறங்கினேன். வீடு பெருக்கித் துடைத்து வைத்திருந்தது. ஜன்னலில் அதே கோணிச்சாக்கு, அதே கிழிசல். பாயின் தலைமாட்டில் புத்தகம் இருந்தது. ஆனால் பழைய அட்டை இல்லை. புதிதாகப் பைண்டு பண்ணியிருந்தது.

திறந்து பார்த்தேன். முக்கால்வாசிக்கு மேல் பழைய பத்திரிகைப் பக்கங்கள். அதற்குப் பிறகு கடைசி மூன்று அத்தியாயங்களைக் காணோம். அந்த இடத்தில் என் நோட்டுக் காகிதங்கள். அப்பா வேட்டி மடிப்பில் கசங்கினவை, ஓரத்தில் கரி விரல் பட்டவை, எல்லாம் வரிசையாகத் தைத்திருந்தது.

"பழசு எங்க?" என்றேன்.

"அடுப்புல போட்டுட்டேன்."

"சமையக்கட்டுலயா?"

"எஞ்சின்ல. பேரணி தாண்டனதும் பிச்சிப் பிச்சிப் போட்டேன். டிரைவரு இன்னாடா எரிக்கறன்னாரு. ஒருத்தன் தூங்கிட்டு செத்துட்டான், அத்த எரிக்கறேன்னேன். ஒரு மாதிரி பாத்துட்டு வுட்டுட்டாரு."

நான் உட்கார்ந்துவிட்டேன். "பொய் சொல்லிட்டேங்க. படிக்கறப்பவே எல்லாத்தையும் மாத்தி மாத்தித்தான் படிச்சேன்."

"அது எனக்கு மொதல்லயே தெரியும்," என்றார். "பொஸ்தகத்துல எவன் எப்பப் பாரு துன்னுக்கினே இருப்பான்? நீ இன்னாத்துக்கு மாத்தறேன்னுதான் தெரியல. கடைசியப் படிச்சப்பறம் தெரிஞ்சுது. ரெண்டு நாளு பேஜாராப் பூட்டுது. அப்பறம் நீ எழுதனதையே எடுத்துப் படிச்சேன். தூங்கிட்டேன்."

பகல் பத்து மணி இருக்கும். அன்றைக்கு அவருக்கு ரெஸ்ட். குழந்தை தூளியில் கிடந்தது. என்னைப் பாயில் படுக்கச் சொன்னார். எனக்குத் தூக்கம் வரவில்லை என்றேன். கேட்காமல் புத்தகத்தை எடுத்து, கிழிசல் வெயிலில் பிடித்துக்கொண்டு, என் கையெழுத்தை விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு கூட்ஸ் வண்டி போய்விடும், அப்படி ஒரு படிப்பு. வலை உலர்த்தினான் என்பது வரைக்கும் கேட்டேன். கண் விழித்தபோது சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம். அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தார்.

பிறகு எத்தனையோ வருஷம் போய்விட்டது. அறுபதுகளின் நடுவில் எங்கள் பாதைக்கு மின்சார எஞ்சின் வந்தது, கரி அள்ளுகிற வேலை போயிற்று, அவர் வேறு வேலைக்கு மாறினார். கண்ணில் எரிந்த நெருப்பும் மெல்ல அடங்கியது. பைண்டு புத்தகம் பெட்டிக்குள் போய்விட்டது. ஆனால் அந்த முதல் பகல் தூக்கத்துக்கு மறுநாள் கீரைக்காரி வந்து சொன்னதை மட்டும் நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

கூடையை இறக்கி வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "நேத்து உங்க வூட்டுக்காரரு இன்னாம்மா, தெருமொனைக்கே கொழந்தயத் தூக்கிக்கினு வந்து என்னை நிறுத்திட்டாரு. உள்ள தூங்கறா, கூவாதன்னாரு. இன்னா சாமி, இத்தினி நாளு நீ தூங்கறப்ப அவ சொன்னா, இப்ப அவ தூங்கறப்ப நீ சொல்றியான்னு கேட்டேன். அதுக்கு இன்னா சொன்னாரு தெரியுமா? ஏழு மாசமா தூங்காத கீறாம்மா. தெனம் நாலு மணிக்கு திண்டிவனம் ரயில்வே கேட்டாண்ட வண்டி வர்றப்ப அவ அப்பா வூட்டு ஜன்னல்ல வெளக்கு எரியும். நான்தான் எஞ்சின்லேர்ந்து பாத்துக்கினே வருவேனேன்னாரு."

அப்படி விழித்திருந்ததை அவரிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவரும் விளக்கைப் பார்த்தேன் என்று என்னிடம் சொல்லவில்லை. அன்றைக்கு நான் அவளிடம் இரண்டு கட்டு முளைக்கீரை வாங்கினேன். எங்களுக்கு ஒரு கட்டே போதும்.